பதினேழு மில்லிமீட்டர்

ஈரல் ஓரிடத்தில் இருப்பதில்லை.
மூச்சை இழுத்தால் இறங்கும்,
விட்டால் ஏறும்.
கொண்டைக்கடலை அளவுக் கட்டியும்
அதோடு ஏறி இறங்கும், கட்டணமில்லாப் பயணியாக.

இதுதான் எனக்குச் சோறு போடும் செய்தி.
ஊசி எந்த நொடியில் நுழையலாம் என்று
மூச்சைப் பார்த்து முன்கூட்டிச் சொல்லும் நிரலை
நான்கு வருடமாக எழுதுகிறேன்
உலான்பத்தாரில், மருத்துவமனையின் அடித்தளத்தில்,
வெந்நீர்க் குழாய்கள் முனகும் ஓர் அறையில்.

முதல் நிரல் தூரதேசத்து மூச்சுகளில் படித்தது.
இருநூறு பேர். நல்ல மூச்சுகள்.
அலையாக வந்தன, அலையாகப் போயின.
ஒருவர்கூட இருமவில்லை.

ஜனவரியில் எங்கள் நகரம்
நிலக்கரியை எரித்து, அதையே சுவாசிக்கிறது.
முதல் நோயாளி படுத்த மூன்றாம் நிமிடம் இருமினார்.
திரையில் என் பச்சைக்கோடு ஒரு பக்கம்,
ஈரல் ஒரு பக்கம்.
மருத்துவர் கன்சோரிக் ஊசியைத் தட்டில் வைத்தார்.
"உன் நிரல் வெளியூர்க்காரன், சாரன்தூயா."

அதனால் மூச்சு சேர்க்கப் போனேன்.
வயிற்றில் பட்டை கட்டி, விலாவுக்குக் கீழே
அல்ட்ராசவுண்ட் கருவியை ஒட்டி, ஆளுக்கு ஆறு நிமிடம்.
சந்தையில் மூட்டை தூக்குபவர்,
நேற்றுத்தான் சிகரெட்டை விட்டதாகச் சொன்னவர்,
படுத்ததும் குறட்டைவிட்ட மல்யுத்த மாணவன்,
ஆறு நிமிடமும் சிரித்துத் தொலைத்த
அக்கா தங்கை இருவர்.
அவர்களை அழித்தேன். இரண்டு நாள் கழித்து
குப்பையிலிருந்து திரும்ப எடுத்தேன்.

தோல்கோர்சுரென், டிராலிபஸ் ஓட்டுநர், ஐம்பத்தெட்டு வயது.
கட்டி: பதினேழு மில்லிமீட்டர்.
"மூச்சைப் பிடித்துக்கொள்ளவா?"
"வேண்டாம். உங்கள் இஷ்டப்படி விடுங்கள்."
"அப்படியானால் யார் ஓட்டுகிறீர்கள்?"
யாரும் பதில் சொல்லவில்லை.

பச்சைக்கோடு போனது.
இருமினார், கோடு நின்றது, காத்திருந்தது,
பிறகு அவரோடு சேர்ந்துகொண்டது.
எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது.
ஊசி தோலைத் தொட்ட அந்தக் கணம்
அவர் மூச்சை நிறுத்தினார்.

கேட்காமல்.
ஒன்று, இரண்டு, ஐந்து.
ஈரல் அசையவில்லை. என் கோடு மட்டும்
இல்லாத மூச்சில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
நான் எதையோ அழுத்தினேன், எதுவும் ஆகவில்லை.
கன்சோரிக் திரையை விட்டார்,
பழுப்பும் கறுப்புமான நிஜப் படத்தைப் பார்த்தார்,
உள்ளே போனார்.

பதினொன்றாம் நொடியில் மூச்சு வந்தது.
ஊசிமுனையைச் சுற்றி
வெள்ளையாகக் கொதித்தது ஒரு மேகம்.

பிறகு, உதடு உலர்ந்து, அவரே சொன்னார்:
"பாலத்துத் திருப்பத்தில் தண்டு கம்பியிலிருந்து நழுவும்.
இறங்கி, கயிற்றை இழுத்து மாட்டும்வரை
மூச்சு விடமாட்டேன். இருபது வருடப் பழக்கம்."

அன்றிரவு அவரைப் பட்டியலில் சேர்த்தேன்,
இருநூற்றுப் பதினான்காம் கோப்பு.
பிழை என்ற கட்டத்தில் குறியிட்டேன், எடுத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில் 'கம்பி' என்று எழுதினேன்.
அதை நிரல் படிக்காது.

ஒரு மாதம் கழித்து சி.டி. எடுப்பார்கள்.
எரிந்த இடம் பதினேழைவிட
பெரிதாக, கறுப்பாக, ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும்.
பிப்ரவரி பதினொன்று, காலை ஒன்பதரை.
அன்று தனக்கு வண்டி இருப்பதாகச் சொல்லி
மதியத்துக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார்.