தாடி வரி

சஜா, கேம்ப் எண் பதினொன்று.
ஏசி நின்று மூன்று நாள். சம்பளம் நின்று நாலு மாசம்.
மேல் கட்டிலிலிருந்து, உடைந்த இந்தியில்,
ஃபரித்பூர்க்காரன் மத்துப்பர் சொல்கிறான்:
"எங்க பக்கத்து ஜமீன்தார் தாடிக்கு வரி போட்டான்.
ஒரு தாடிக்கு இரண்டரை ரூபாய்."

சிரிக்கிறோம்.
நேற்றுத்தான் சேஃப்டி ஆபீசர்
மாஸ்க் முகத்தில் பொருந்தவில்லை என்று
அவன் தாடிக்கு இருநூறு திர்ஹம் எழுதினார்.

"கொடுத்தார்களா?"
"தாடியையும் எடுக்கல, வரியும் கொடுக்கல.
மண்ணு அல்லாவோடது, குத்தகை எவனுக்குன்னு கேட்டாங்க.
அவுரிக் கிடங்கு எரிஞ்சுது.
வெள்ளைக்காரன் ஆளுற ஊர்ல
வெள்ளிக்கிழமைத் தொழுகை செல்லாதுன்னு
மூணு தலைமுறை ஜும்மாவுக்கே போகல."
"இங்கே செல்லுமா?"
"செல்லும். ஆனா வெள்ளிக்கிழமை ஓவர்டைம்."

ஏறநாட்டு அலவி பேசவில்லை.
அவன் முப்பாட்டனைச் சரக்கு ரயில் பெட்டியில் ஏற்றி
வெளியே பூட்டினார்கள்.
எழுந்துபோய்க் கதவைத் திறந்துவைத்தான்.
மணல் காற்று வந்தது. மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

என் முறை.
நாங்கள் கண்ணாடியைக் கும்பிடுகிறவர்கள் என்றேன்.
"கண்ணாடியையா?"
உள்ளே தெரிகிறவனை.
தலைக்கு வரி, பனையேறும் ஏணிக்கு வரி,
கூலியில்லாத ஊழியம்,
துண்டு இடுப்பில் இருக்கணும், தலைக்குப் போனால் அடி.
தலையில் கட்டிக்கொண்டு வந்து நில் என்றது எங்கள் பதி.
"சிலை கிடையாதா?"
கிடையாது.
"அப்போ பரவாயில்லை," என்றான், பெரிய மனசு பண்ணி.

நாலரைக்குப் பஸ் வந்தது.
கழிவறையில் ஒரே கண்ணாடி,
மூலையில் விரிசல், நடுவில் யாருடைய பற்பசையோ.
துண்டை உதறினேன்.
ஹெல்மெட்டுக்கு அடியில் தினமும் வியர்வை குடிக்கிற
அதே நீலத் துண்டு.
ஹெல்மெட் இன்று கட்டிலிலேயே கிடக்கிறது.
மூன்று சுற்று. முனையை மேலே இழுத்துச் செருகினேன்.

வெளியே அறுபத்திரண்டு பேர்
மண்ணில் உட்கார்ந்திருக்கிறார்கள்.
போர்மேன் எண்ணுகிறார், எழுதுகிறார்,
பாஸ்போர்ட் பெட்டிச் சாவி கழுத்தில் ஆடுகிறது.
என் பெயர் அவர் வாயில் மூன்றுமுறை வழுக்கியது.
தவசிலிங்கம், என்றேன், எழுத்தெழுத்தாக.
மத்துப்பர் தாடியைச் சொறிந்தபடி
நகர்ந்து இடம் கொடுத்தான்.

பெஷாவர்க்கார டிரைவர்
எஞ்சினை ஓடவிட்டு விளக்கை மட்டும் அணைத்தான்.
ஹாரன் அடிக்கவில்லை.