பதினாலாவது லேயர்

பகலில் ஃப்ளெக்ஸ் கடை. வண்ணார்பேட்டை மேம்பாலத்தை ஒட்டி,
ஸ்டூடியோவுக்கும் புரோட்டாக் கடைக்கும் நடுவில்.
பூப்புனித நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி.
செத்தவருக்குத் தனிப்படம் பெரும்பாலும் இருக்காது.
யார் கல்யாணத்திலோ கூட்டத்தோடு நிற்பார்,
வாட்ஸ்அப்பில் வந்து சேர்வார்,
நான் வெட்டி எடுக்கவேண்டும்.

நேற்று வந்தவர் நல்லபெருமாள், கொக்கிரகுளம், வயது அறுபத்தொன்று.
அவர் தோளில் யாரோ ஒருவருடைய கை.
மணிக்கட்டில் சிவப்புக் கயிறு,
நகத்தில் பாதி போன மருதாணி.
"ஏட்டி செண்பகம், அந்தக் கைய எடுத்துரு,
பின்னால மேகம் வச்சிரு" என்றார் முதலாளி.
எடுத்தேன். மேகம் வைத்தேன்.
சட்டை அழுந்தியிருந்த மடிப்பு மட்டும்
எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.
கையைத் தூக்கிப் போடவில்லை. தனி ஃபைலில் வைத்தேன்.
பெயர் கேட்டது. 'கை' என்று கொடுத்தேன்.

இரவில் வேறு வேலை.
தவணை டேப்லெட், இன்னும் ஏழு மாசம் பாக்கி.
சனிக்கிழமை பாளையங்கோட்டை வகுப்பில் எனக்கு விழுந்த கதை:
இருபத்துநாலு பக்கம், ஓர் எருமைக்கன்று
தாகத்தில் ஆற்றையே குடித்துவிடுகிறது.
மீன், படித்துறை, பாலத்தின் நிழல், அலசப்போட்ட சேலை
எல்லாம் வயிற்றுக்குள்.
அப்புறம் கன்று அழுது அழுது
ஆறு திரும்பி வருகிறதாம்.

முகத்தை நடுமடிப்பில் வைக்காதே, தையல் தின்றுவிடும்.
ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் வெட்டில் போகும்,
அங்கே உயிர் எதுவும் வேண்டாம்.
இதெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.
நிழல்தான் வரவில்லை.
ஃப்ளெக்ஸில் நான் யாருக்கும் நிழல் போட்டதில்லை,
மாப்பிள்ளையும் வட்டச் செயலாளரும் அந்தரத்தில்தான் நிற்பார்கள்,
ஒருத்தரும் கேட்டதில்லை.
கன்றின் நாலு குளம்புக்கும் நிழல் வைக்க
மூன்று ராத்திரி.
முதலில் மிதந்தது. பிறகு வழுக்கியது.
வியாழக்கிழமை சேற்றில் நின்றது.

திருத்தம் வந்தது:
ஆறு நீலமாக இருக்கட்டும்.
எருமை இவ்வளவு கறுப்பு வேண்டாம், குழந்தைகள் பயப்படுவார்கள்.

குறுக்குத்துறையில் எடுத்த போட்டோக்களில்
நிறம் உறிஞ்சும் குழாயை வைத்துப் பார்த்தேன்.
காலையில் பழைய சாக்கு.
மத்தியானம் ஈயச்சட்டி.
மண்டபத்துக் கல்லோரம் பாசிப்பயறு.
நீலம் ஒரே ஓர் இடத்தில் கிடைத்தது,
பெரிதாக்கினால் அது ஷாம்பூ பாக்கெட்.
'கறுப்பைக் கண்டால் பயமா,
எங்கள் வீட்டுக் கண்ணாடியைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று
பதில் அடித்தேன்.
அனுப்பவில்லை. அன்டூ. அன்டூ. அன்டூ.

கரண்ட் போனது. சார்ஜ் பதினோரு சதவீதம்.
வயிறு வீங்கிப் படுத்திருந்த கன்றின் முதுகில்,
பதினாலாவது லேயரில்,
ஏனென்று தெரியாமல் அந்தக் கையைக் கொண்டுவந்து வைத்தேன்.
அதன்மேலேயே வரைந்தேன். கயிறு, மருதாணி,
மோதிர விரல் கொஞ்சம் கோணல்.
கதையில் அப்படி யாருமே இல்லை.

இருட்டுக்குப் பயந்து வெளிச்சம் பார்த்து வந்த
மாடிவீட்டு அபினேஷ், ஐந்து வயது,
திரையில் இரண்டு விரல் வைத்து விரித்தான்.
கன்றின் மூக்கு மட்டும் மிஞ்சியது.
"இது எதுக்கு அழணும்?"
"ஆறு வெளிய வரணும்லா."
"ஒண்ணுக்குப் போனா வந்துரும்லா."

ஆறு சதவீதம்.

"இது யாரு கை?"
"தெரியலடே."
"தடவிக் குடுக்கு. எங்கம்மயும் முதுகத் தடவி
ஸ்ஸ்ஸுனு சொல்லும். அப்பந்தான் வரும்."

இருபத்துமூன்றாம் பக்கத்தில் கண்ணீர் லேயரை மூடினேன்.
காலை ஆற்றிலிருந்து எடுத்த சாக்கு நிறம் கையிலிருந்தது,
கொஞ்சம் மஞ்சள் மட்டும் சேர்த்தேன்.
நீலம் கேட்டவர்களுக்கு என்ன எழுதுவது என்று
யோசிக்கும்போதே திரை அணைந்தது.

இருட்டில் அபினேஷ்
ஸ்ஸ்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.