மூன்று நூல்

மரக்காலையில், அலுமாரிக்கு என்று சொன்னேன்.
மலைவேம்பு அலுமாரிக்கு உதவாது பிள்ளை,
முதிரையைக் கொண்டுபோம் என்றார்.
பாரம் கூடாது என்றேன்.
அலுமாரியைத் தலையில வைச்சுக்கொண்டு
திரியப்போறீரோ?
ஓம்.

கால் அங்குலக் கனம், முக்கால் அங்குல அகலம்,
பதினேழடி நீளம். அறுபத்திரண்டு கீற்று.
வாள் தின்றது போக மிச்சம் அவ்வளவுதான்.
துணியில் இத்தனை கழிவு விட்டிருந்தால்
கடையை எப்போதோ பூட்டியிருப்பேன்.

கொட்டடியில், தையலறைக்குப் பின்னால்
பழைய மெசின்களைச் சுவரோடு தள்ளிவிட்டு
பதினைந்து அச்சுப்பலகைகளை நிமிர்த்தினேன்.
நடுவில் இடுப்பு. அங்கிருந்து இரு பக்கமும்
மெலிந்து மெலிந்து மணிக்கட்டாகி
முனையில் ஒரு விரல்.
அளவெடுத்தே பிழைக்கிறவள்,
படத்தைப் பார்த்துப் பயம் வரவில்லை.

பயம் முதற் கீற்றில் வந்தது.
அணியத்தில் முறுக்கும்போது
தடக்.
இரண்டாவதும் அதே இடத்தில்.
மூன்றாவதற்கு ஈரத்துணி போர்த்து
அயன்பெட்டியை வைத்தேன்,
கொலர் மடிக்கும் சூட்டில்.
ஆவி பறக்க, மரம்
கொஞ்சம் யோசித்து வளைந்தது.

கவ்விகளுக்கு விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.
சயிக்கிள் கடையில் பழைய ரியூப் சும்மா தந்தார்கள்.
நறுக்கிய றபர் வளையங்களால்
கீற்றோடு கீற்று கட்டிப்போட்டால்
ஆசுப்பத்திரியில் கிடக்கிற ஆள் மாதிரி இருந்தது.

பக்கத்து வளவு யூட் நிக்சன்,
பைபர் போட்டில் நண்டு வலை போடுகிறவன்,
மதிலால் எட்டிப் பார்த்தான்.
எஞ்சின் எங்க பூட்டுறது?
பூட்டுறதில்லை.
வலை?
இல்லை.
அப்ப ஏன்?
தட்டையாய் இருந்தது ஒன்று வளைந்து
கடலை வெளியே நிறுத்துமா என்று பார்க்க
என்று இப்போது சொல்லலாம்.
அப்போது பசை காய்ந்துகொண்டிருந்தது.

வயிற்றடியில் கீற்றுகள் நெருக்கியடித்தன.
இரண்டு நாள் சீவுளியைக் கையில் வைத்தபடி
ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.
மூன்றாம் நாள், யாரோ ஒருத்தியின் சட்டைக்கு
டாட் பிடிக்கையில் பிடிபட்டது:
தட்டைத் துணி மார்பாவது
கூட்டித் தைப்பதால் இல்லை,
நுனியை ஒடுக்குவதால்.
ஊசியைக் குத்தியபடியே விட்டுவிட்டு ஓடினேன்.

நாற்பதாவது கீற்றில்தான் கண்டேன்.
ஏழாம் அச்சு கயிற்றுக்கோட்டை விட்டு
இடப்பக்கம் மூன்று நூல் விலகி நின்றது.
தையலென்றால் பிரிக்கலாம்.
பசை பிரியாது.
வெளியே போய் பைப்பில் முகம் கழுவினேன்.

மங்களேஸ்வரி ரீச்சருக்கு
இடத்தோள் மூன்று நூல் பதிவு.
பதினொரு வருசமாய் உள்ளுக்குள்
ஒரு மடிப்புக் கூட வைத்துத் தைக்கிறேன்.
கண்ணாடியில் நேராய்த் தெரியும்.
அவவுக்குச் சொன்னதில்லை.
படகில் மடிப்பு வைக்க இடமில்லை.
நாற்பத்தோராவதை எடுத்தேன்.

பிசினைப் பகலில் கலந்தால்
கிண்ணத்திலேயே புகைந்து கல்லாகும்.
விடிய நாலு மணிக்கு, லைட்டைச் சுற்றும் ஈசல்களோடு,
கண்ணாடி நார்த்துணியைப் போர்த்துப் பூசினேன்.
வெள்ளைத் துணி மெல்ல இல்லாமற் போனது.
உள்ளே இரண்டு ஈசல், அப்படியே இருக்கின்றன.

வாடை முடிந்து
சோளகம் பிறக்காத ஒரு காலை,
நாவாந்துறையில் நானும் நிக்சனுமாய் இறக்கினோம்.
பரவைக்கடல், இடுப்பளவு.
நீந்தத் தெரியாது, கவிழ்ந்தால் எழும்பி நிற்கலாம்.
நான் நினைத்தபடியே இடப்பக்கம் இழுத்தது.
அந்தப் பக்கம் ஒரு துடுப்புக் கூடப் போட்டால்
நேராய்ப் போனது.
கரையில் நின்று நிக்சன் ஏதோ கத்தினான்.
கேட்கவில்லை. அடியில் தண்ணி
பட்டுத்துணியில் கத்தரி ஓடுகிற சத்தத்தில் ஓடியது.

நேற்று ரீச்சர் புதுச்சட்டை அளவுக்கு வந்தா.
கடலுக்கு வாறீங்களோ, இரண்டு பேருக்கு இடமிருக்கு,
கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும், அவ்வளவுதான் என்றேன்.
எனக்கெண்டால் பழக்கம் என்றா,
ரேப்புக்குக் கையைத் தூக்கியபடி.