தொழில் என்ற கட்டம்

பெயர் மாசிலாமணி என்றேன்.
தகப்பனார் சொக்கலிங்க தேசிகர்.
தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார் எழுத்தர்.
நெற்றியில் நீறு, தோளில் கிழிந்த துண்டு.
"ஓதுவார்."
"கவர்மெண்டா, பிரைவேட்டா?"
மாதம் நாலாயிரத்து ஐநூறு,
அதிலும் மூன்று மாதம் பாக்கி.
கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காரைக்குடியில் எங்களை அடைத்தது
ஒரு கல்யாண மண்டபத்தில்.
மேடையில் நேற்றைய தெர்மாகோல் எழுத்துகள்:
உமையாள், சேதுராமன்.
'சே' பாதி தொங்கியது.
மணமகன் அறையில் அஸர் தொழ நின்றார் இஸ்ஹாக் ஹஜ்ரத்;
கிப்லா எந்தப் பக்கம் என்று
பெண் காவலர் ஒருத்தி செல்போனில் பார்த்துச் சொன்னாள்.
சிஸ்டர் ஸ்தனிஸ்லா
எலுமிச்சை சாதப் பொட்டலங்களை எண்ணினார்.
இரண்டு குறைந்தது.
மறுபடி எண்ணினார்.

கருப்பையா, முப்பத்தொன்று.
அவன் மைத்துனன் ராசாத்துரை, பத்தொன்பது.
விடுதியாகிவிட்ட ஒரு பெரிய வீடு.
தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து,
நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து என்று
வழிகாட்டி சொல்லிக்கொண்டே போவான்.
எங்கிருந்து வந்தது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.
எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.
மூடியைத் திறந்து முதலில் இறங்கியவன் சின்னவன்.
அவனைத் தூக்க இறங்கியவன் மற்றவன்.

விடுதி எங்கள் கோயில் அறங்காவலருடையது.
அறமும் காவலும் சேர்ந்தால் மகரம் திரியும்;
இலக்கணத்தில் படித்ததுதான்.

மூன்றாம் நாளும் உடல்களை வாங்க மறுத்து
ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்
தண்ணீர் கொடுக்கத்தான் போனேன்.
குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவதாக இருந்தேன்.
மைக் கரகரத்து நின்றது.
"உங்களுக்குத்தான் குரல் இருக்கே" என்றார் ஹஜ்ரத்.

கைது செய், கைது செய்,
விடுதி முதலாளியைக் கைது செய்.

கோஷத்துக்குப் பண் கிடையாது.
நாற்பது வருஷப் பழக்கம்,
கடைசிச் 'செய்'யை இழுத்துவிட்டேன்.
அது நட்டபாடையில் போய் நின்றது.
யாரோ சிரித்தார்கள்;
பிணவறை வாசலில் மூன்று நாளில் முதல் சிரிப்பு.
அப்புறம் எல்லாரும் அப்படியே இழுத்தார்கள்.
தினமும் கேட்டுக் கேட்டுத்தான் பாடுகிறேன்.
கேட்டதும் ஒருவர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தது
அன்றைக்குத்தான்.

ஐந்து மணிக்கு ஆய்வாளர் வந்தார்.
"சாமி, நீங்க மட்டும் கிளம்புங்க.
சாயரட்சைக்கு நேரமாச்சுல்ல."
இந்த 'மட்டும்' எனக்குப் புதிதல்ல.
நீங்கள் மட்டும் உள்ளே வரலாம்.
உங்களுக்கு மட்டும் நாற்காலி.
எழுந்துவிட்டேன்.
பொய் சொல்லவில்லை, வாசல்வரை போய்விட்டேன்.
செருப்பைக் காணோம்.
தள்ளுமுள்ளில் எங்கோ ஒன்று,
எங்கோ இன்னொன்று.

குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது
தூணோரம் இருளாயி உட்கார்ந்திருந்தாள்.
புருஷனும் தம்பியும் ஒரே குழியில் போனவள்.
நிமிராமலே கேட்டேன்:
"ஏதாச்சும் பாடட்டுமாம்மா?"
வேறென்ன தெரியும் எனக்கு.
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
"பாட்டு வேணாஞ் சாமி.
காலைல போட்டீகளே, அதப் போடுங்க."

கோயில் மணி இவ்வளவு தூரம் கேட்காது.
தெரிந்தும் ஒரு நிமிஷம் காது கொடுத்தேன்.
இன்றைக்கு அவர் பாட்டில்லாமல் சாப்பிடுவார்;
நாளைக்கு எனக்கு நோட்டீஸ் வரும்.
வெறுங்காலோடு உள்ளே வந்தேன்.
எழுத்தர் மறுபடி பேனாவைத் திறந்தார்.
அடித்தொண்டையிலிருந்து எடுத்தேன்.

இந்த முறை நான் இழுக்கவில்லை.
அவர்கள் இழுத்தார்கள்.