தலையெழுத்து

òÏÄÉÏÎ, ËÁËÁÑ ÒÕËÁ? ðÉÛÉ.

முதலில் எங்கள் மொழிதான் என்று நினைத்தேன்.
கழுத்தில் கோடு கிழித்த எங்கள் 'எத்' இருந்தது,
கொம்பு வைத்த ஆ இருந்தது.
அக்குரேரியில் நவம்பர், காலை ஒன்பதரை,
வெளியே இன்னும் இரவு.
குடித்துவிட்டு வந்த ஐஸ்லாந்துக்காரன் யாரோ
மீன் கம்பெனிக்குக் கத்திக் கடிதம் எழுதியதுபோல்
பதினேழு வரி.

அனுப்பிய ஊர் மூர்மான்ஸ்க்.

மெனுவைத் திறந்தேன்.
மேற்கு ஐரோப்பா. மத்திய ஐரோப்பா. கிரேக்கம்:
கிரேக்கத்தில் அழகாகவே இருந்தது, பொய் அழகு.
துருக்கி. பால்டிக்.
ருஷ்யனிலேயே மூன்று வகை.
முதல் வகையில் வந்தது
ருஷ்ய எழுத்தாலேயே ஆன குப்பை.
சரியாகிவிட்டது என்று அங்கேயே நின்றிருப்பேன்.
தலையெழுத்துதான் காட்டிக்கொடுத்தது:
ஒவ்வொரு வாக்கியமும் சின்னதாகத் தொடங்கிப்
பெரிது பெரிதாகக் கூச்சலிட்டது.
எந்த ஊரிலும் எவரும் அப்படி எழுதமாட்டார்கள்.

மூன்றாவதில்
பெரியது முன்னால் போய் நின்றது,
சிறுசுகள் பின்னால் அடங்கி நடந்தன.
எனக்கு ருஷ்யனில் ஒரு சொல் தெரியாது.
ஆனாலும் சரி என்று
அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

அச்செடுத்து, மடிக்காமல், கோட்டுக்குள் வைத்து
பனியில் ஆஸ்பத்திரி மேட்டில் ஏறினேன்.
நான்காம் கட்டில். ரோடியோன்,
வின்ச்சில் கை சிக்கிய கப்பல் மெக்கானிக்.
ஆறு நாளாக நாங்கள் அவருடன் பேசியதெல்லாம்
காபி, வலி, காபி.

முதல் வரியைப் படித்தார்.
காகிதத்தைப் போர்வைமேல் வைத்தார்.
கட்டுப்போட்ட இடது கையை
என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்,
கேட்டது நான்தான் என்பதுபோல.
அப்போதுதான் அந்த வரி எனக்குப் புரிந்தது.

மீதிப் பதினாறில்
ஓரிடத்தில் சிரித்தார்.
ஓரிடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
எந்தச் சொல்லுக்கு என்று கேட்க எனக்கு வழியில்லை;
இருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

பதிலுக்கு ஒரே சொல் சொன்னார்.
கம்பெனிக் கணினியில் அவர் எழுத்து கிடையாது.
காதில் வாங்கிவந்ததை எங்கள் எழுத்தில் தட்டினேன்,
லியெவயா,
கொம்பும் கோடும் இல்லாத எழுத்தாகப் பொறுக்கி,
வழியில் எதுவும் உதிராதபடி.

அனுப்புமுன் ஒருமுறை சரிபார்த்தேன்.
மேலே தைசியா, கீழே ரோடியோன்.
இரண்டு பெயரும்
பெரிதாகத்தான் தொடங்கியிருந்தன.