விட்ட வரி

பரலோக மந்திரத்தில் ஒரு வரியை
ஏழு வருஷமாக நான் சொல்வதில்லை.
சின்னப்பாலம் கோயிலில் எல்லாரும்
ஒரே மூச்சில் அதைக் கடக்கையில்
முந்தானையைச் சரிசெய்வேன்,
இல்லையென்றால் இருமுவேன்.
அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன்.
பக்கத்தில் முழங்காலிடும் பிரஸ்கம்மாளுக்குக்கூடத் தெரியாது.

சில்வானும் கஸ்பாரும் ஒரே வத்தையில் போனார்கள்.
கஸ்பார் மட்டும் வந்தான்.
கடல் எடுத்ததற்குக் கடலோடு எனக்குச் சண்டையில்லை,
அதில்தான் தினமும் இறங்குகிறேன்.
ஆனால் தாசில்தார் மேசை முன்னால்
"அவன் குடிச்சிருந்தான் சார்" என்றான் கஸ்பார்.
லைட் இல்லாத வத்தை இவனுடையது,
பழி வராதவன் தலையில்.
மூன்றே சொல்.
நிவாரணக் காகிதம் அங்கேயே மடிந்தது.
கல்யாணத்தன்று நீட்டிய ஒயினைக்கூட
உதட்டில் தொட்டு வைத்துவிட்டவன்
என் சில்வான்.

விரலுக்கு விரல் துணி சுற்றி,
கண்ணாடி மாட்டி,
உள்ளங்காலில் தகரத்தட்டு கட்டி
பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவள் நான்.
தண்ணீருக்குள் மூச்சை அடக்கத் தெரியும்.
கோபத்தையும் அப்படித்தான் அடக்கினேன்.
விடுவதுதான் தெரியவில்லை.

போன கச்சான் காலத்தில்
கஸ்பாருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது, நாக்கோடு சேர்த்து.
செய்தி கேட்ட அன்று
அரைக் கிலோ சீலா வாங்கிக் குழம்பு வைத்தேன்.
தட்டைக் கழுவும்போதுதான் உறைத்தது
எதற்காக வைத்தேன் என்று.
பாவசங்கீர்த்தனத்தில்
குழம்பைச் சொன்னேன்,
ஏழு வருஷத்தைச் சொல்லவில்லை.

பிறகொரு நாள், தண்ணீருக்கடியில், இன்னொன்றும் தெரிந்தது:
நான் காத்திருந்த சொல்
இனி அந்த வாயிலிருந்து வரவே வராது.
கடன்பட்டவன் உயிரோடிருக்கிறான்.
கொடுக்கத்தான் ஒன்றுமில்லை.

பெரிய வியாழன் மத்தியானம்.
அவன் மகள் பெஞ்சிலா தள்ளிவந்த சக்கர நாற்காலி
கோயில் பாதை மணலில் புதைந்து நின்றது.
தெருவில் வேறு யாருமில்லை.
இருந்திருந்தால் நான் போயிருப்பேன்.
பாசிச் சாக்கை இறக்கிவைத்துவிட்டு
முன் சக்கரத்தைத் தூக்கினேன்.
கனப்பான் என்று நினைத்தேன்.
சாக்கைவிட லேசு.

"சி... சி..." என்றான்.
சில்வானா,
சீ என்று என்னை விரட்டினானா,
சிறுநீர் முட்டியதா.
முழுதாகக் கேட்க நிற்கவில்லை.
மேட்டில் ஏற்றிவிட்டு நடந்தேன்.

ஏழெழுபது முறை என்று அவர் சொன்னதை
நானூற்றுத் தொண்ணூறு குற்றம் என்றே
கணக்குப் போட்டிருந்தேன்.
இத்தனை யார் செய்வார் என்று சிரித்துமிருக்கிறேன்.
ஒரே குற்றம்தான்.
விடிந்ததும் அதுவும் எழுந்துகொள்கிறது
எனக்கு முன்னால்.

ராத்திரி விளக்கை அணைத்தபின்
அந்த வரியைச் சொன்னேன்.
பாதியில் தொண்டை கட்டி இருமினேன்.
இந்த முறை நிஜ இருமல்.
மறுபடி முதலிலிருந்து.
மனதார என்று சொல்லமாட்டேன்,
வாயால் சொன்னேன்.
வாய்தானே முதலில் மூடியது.

நாளைக்கு நீவாடு குறைவு.
நாலரைக்குப் பாசிக்குப் போகணும்.
போகிற வழியில் அவன் வீடு.
இத்தனை நாள் கரையைச் சுற்றிப் போனேன்.