ஊசி தூக்கும் இடம்

எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம்
முதல் சரணத்தோடு முடிந்துவிடும்.

புறக்கோட்டை, குறுக்குத் தெரு, ஹைதர்பாய் கடை.
ஊக்கு, பீங்கான் கோப்பை, பள்ளிக்கூடப் பெட்டி,
பொம்மைக்கு மட்டும் அளவான சப்பாத்து,
என்ன கொடுப்பதென்று தெரியாத கல்யாணங்களுக்குக்
கண்ணாடி அன்னம்.
வாசலோரம் ரிப்பன் மேசை. அது என்னுடையது.
விளிம்பில் ஆணியடித்த பித்தளை யார்க்கோலில்
ஒன்பது வருஷம் சாட்டின் இழுத்தேன்.
ஆட்காட்டி விரலில் ரேகை கொஞ்சம் குறைவு,
அடையாள அட்டைக்காரன்தான் கண்டுபிடித்தான்.

காசைத் தகரக் குவளையில் போட்டுக் கயிற்றை இழுத்தால்
தலைக்கு மேலே கம்பியில் ஓடும்
கண்ணாடிக் கூண்டுக் கணக்கரிடம்.
மிச்சத்தோடு அது திரும்பி வருவதற்குள்
எதிர்க்கடையில் ஒரு பல்லவி முடிந்துவிடும்.

எதிர்க்கடை, இசைத்தட்டு.
முதலாளி டி கிரெட்சர்,
தமிழில் எண்ண மட்டும் தெரியும், அதுவும் விலைக்கு.
தட்டு மாற்றுகிறவன் முஸம்மில்.
கேட்டுப் பார்த்து வாங்க வருகிறவர்களுக்குக் கடையின் சட்டம்:
பல்லவி, ஒரு சரணம்.
மேலே ஓடினால் தட்டு தேய்ந்துபோகுமாம்.
முஸம்மிலின் கை இறங்கும்.
ஊசி எழும்பும்.
அந்தப் பள்ளத்தில்
பஸ் ஹோர்னும் நாட்டாமிமாரின் கூச்சலும் வந்து நிரம்பும்.

தமிழ், சிங்களம், இந்தி, பைலா,
எல்லாம் அரைவாசி.
போனவன் திரும்பி வந்தானா,
நிலா மேகத்தைவிட்டு வெளியே வந்ததா,
நான் அறியேன்.
கொட்டாஞ்சேனையில் மேல்வீட்டு ரேடியோ
முழுசாய்ப் பாடும்தான்.
அது முடிக்கும்போது எனக்கு ஏதோ
பிறத்தியார் கடிதம் வாசித்த மாதிரி இருக்கும்.

இறக்குமதி நின்ற வருஷம்
மேசையில் வெறும் அட்டைச் சுருள்கள்.
எதிரேயும் புதுத் தட்டு இல்லை.
ஐப்பசி மழை, தெருவில் கணுக்கால் தண்ணீர்,
அதில் ஒரு முட்டைக்கோவா மிதந்து போனது.
முஸம்மில் பழைய தட்டொன்றை வைத்தான்.
பல்லவி.
சரணம்.
கை இறங்கவில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை, அதையும் சொல்லவேண்டும்.
கதவுச் சட்டத்தில் சாய்ந்து
மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் உள்ளே போய்
பொத்தான் டப்பாக்களை அடுக்கினேன்,
சத்தமாக, ஒவ்வொன்றாக,
தட்டு முடிந்து வெறும் கரகரப்பு வரும்வரை.
ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும்
டப்பாக்கள் கலைந்து கிடந்தன என்பேன்.

பிறகு கேசட் வந்தது.
பிறகு எண்பத்து மூன்று.
கொளுத்தியவர்களிடம் பட்டியல் இருந்ததாம்.
நெருப்பிடம் இல்லை.
நடுவில் ஒரு யாழ்ப்பாணத்தார் புடைவைக்கடை,
அதில் பிடித்தது இரு பக்கமும் போனது, தெருவையும் தாண்டியது.
தட்டுகள் உருகி ஒரே கட்டியாய்க் கிடந்ததென்று
கணக்கர் சொன்னார்.
நான் போய்ப் பார்க்கவில்லை.
முஸம்மில் சவூதியில் என்று கேள்வி.
அதற்குமேல் கேட்கவில்லை.

போன மாதம் மருமகளோடு அந்தப் பக்கம்.
எங்கள் கடை இருந்த இடத்தில் போன் உறை விற்கிறான் ஒரு பையன்.
கைக்கடக்கமான ஸ்பீக்கரைத் தட்டிக் காட்டினான்,
பத்து வினாடிப் பாட்டு, நிறுத்தினான்.
"சத்தம் கேட்டீங்களா அம்மா, போதுமா?"
போதும் தம்பி, என்றேன்.
மருமகளுக்கு என் சிரிப்பு விளங்கவில்லை.

அரிசி களையும்போது முணுமுணுப்பேன்.
அந்த இடம் வந்ததும் வாய் தானாக மூடும்.
அல்போன்ஸ் பேப்பருக்குப் பின்னாலிருந்து
மீதியைப் பாடுகிறார்,
சுருதி கொஞ்சம் விலகி, சொற்கள் சரியாக.

அது வேறு பாட்டு, என்கிறேன்.
இல்லை, இதுதான், என்கிறார்.